காஸி மூழ்கியது எப்படி: முரண்படும் கூற்றுகளைச் சரிபார்ப்பது

1971 டிசம்பர் 3-4 இரவில் விசாகப்பட்டினம் அருகே பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பலான பி.என்.எஸ். காஸியை இந்தியப் போர்க்கப்பலான ஐ.என்.எஸ். ராஜ்புத் மூழ்கடித்தது என்கிறது இந்தியத் தரப்பு. தன் கண்ணிவெடியிலேயே சிக்கியது என்கிறது பாகிஸ்தான் தரப்பு. எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். தீர்ப்பை ஒத்திவைத்து, முதலில் நேரங்களை ஒழுங்குபடுத்துங்கள்.

ஒவ்வொரு கூற்றிலும் வரும் மணியை உலகப் பொது நேரத்துக்கு மாற்றுங்கள். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே, கராச்சி நேரம் ஐந்து மணி நேரம் முன்னே. இந்த அரை மணியைக் கவனிக்காவிட்டால் வரிசையே தலைகீழாகிவிடும். ஆழ்வெடி, அதாவது நீர்மூழ்கிகளைத் தாக்கக் கப்பலிலிருந்து போடும் வெடி, குறித்த ஆழத்துக்கு மூழ்கியதும் வெடித்துவிடும்; அதற்குப் பல நிமிடங்கள் ஆகாது. ராஜ்புத் வெடி போட்டதற்கும் கரையில் கேட்ட பெருவெடிப்புக்கும் நடுவே பல நிமிடங்கள் இருந்தால், நேரடித் தொடர்பு பலவீனமாகிறது.

அடுத்து, காஸியின் உடைந்த முன்பகுதி. தகடு வெளிப்பக்கம் வளைந்திருந்தால் உள்ளே வெடித்தது என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அது அவசரம், வெளியே பட்ட அடி உள்ளிருந்த டார்பிடோக்களையும் (நீருக்கடியில் பாயும் வெடிகணைகள்) வெடிக்க வைத்திருக்கலாம்.

எழுதியவர் கண்டதா கேட்டதா, எந்த ஆண்டு எழுதினார் என்பதையும் குறியுங்கள். இந்தியத் தரப்பில் ஆவணங்கள் அழிக்கப்பட்டதாக 2010-ல் செய்தி வந்தது. ஆகவே பிற்கால நினைவுக்குறிப்புகளில் பத்து ஒரே விஷயத்தைச் சொன்னாலும், மூலம் ஒன்றானால் அது ஒரே சாட்சிதான்.