பவளக் கிண்ணத்தின் தகடுகளை எண்ணுவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆழ்கடல் பவளங்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் வாசித்தோம். திட்டாக வளராமல் ஒற்றைக் கிண்ணமாகவே வாழ்ந்து முடியும் பவளங்கள் இருப்பதே பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. ஒரு மாணவி கேட்டாள்: கப்பல் வலையில் ஒரு கிண்ணம் வருகிறது, அது இதுவரை யாரும் பெயரிடாத இனம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? டிஎன்ஏ பார்த்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடாதா? அப்படியானால் சில மாதிரிகளுக்குப் பெயர் வரப் பல ஆண்டுகள் ஆவது ஏன்? எனக்குப் பதில் தெரியவில்லை. என் பங்குக்கு இன்னொரு கேள்வி: இழுவைப் படகுகள் கரையில் ஒதுக்கும் கழிவில் அப்படியொரு கிண்ணம் கிடைத்தால் பள்ளிக்கு எடுத்து வரலாமா?

ஆர்.,
தூத்துக்குடி

அன்புள்ள ஆர்.,

எண்ணித்தான் சொல்கிறார்கள். கிண்ணவாயை மேலிருந்து பார்த்தால், சுவரிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் சக்கரத்து ஆரக்கால்கள் மாதிரி நிற்கும். அவற்றுக்கு செப்டா என்று பெயர். கல்பவளங்களில் இவை சுற்றுச் சுற்றாக முளைக்கின்றன: முதல் சுற்றில் 6, இரண்டாவதில் 6, மூன்றாவதில் 12, நான்காவதில் 24, ஐந்தாவதில் 48. ஐந்து சுற்றும் நிறைந்தால் 96 தகடுகள். சில இனங்களில் கணக்கு ஆறில் தொடங்காமல் 10, 10, 20 என்று போய் 40இல் நிற்கும். எந்தச் சுற்று உயரம், எது நடுவரை எட்டுகிறது, விளிம்பு நேராக இருக்கிறதா, நெளிந்திருக்கிறதா என்பதெல்லாம் குறிப்பில் ஏறும்.

அடுத்துப் பார்ப்பது பாலி. செப்டாவுக்கும் நடுத்தூணுக்கும் இடையில் தனியாக எழுந்து நிற்கும் சின்ன மடல்கள் அவை. கேரியோஃபில்லியா பேரினத்தில் பாலி ஒரே வளையமாக, கடைசிக்கு முந்தைய சுற்றின் தகடுகளுக்கு எதிரே நிற்கும். நடுத்தூண் முறுக்கிய பட்டைகளின் கட்டு. ட்ரோகோசயாதஸில் கடைசிச் சுற்றைத் தவிர மற்ற எல்லாச் சுற்றுக்கும் எதிரே பாலி உண்டு. ஃபிளாபெல்லத்தில் பாலியே கிடையாது. அது விசிறிபோல் தட்டையானது; அங்கே கிண்ணவாயின் நீள அகல விகிதமும், பக்க விளிம்புகள் இரண்டும் அடியில் சந்திக்கும் கோணமும்தான் அடையாளம்.

இங்கேதான் முதல் பள்ளம். கேரியோஃபில்லியாக் குட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சுற்று முடிந்த நிலையில் அதற்கு 24 தகடுகள். பாலி இரண்டாம் சுற்றின் எதிரே, 6. அதே உயிர் வளர்ந்து நான்காம் சுற்று நிறைந்ததும் 48 தகடுகள். பாலி இப்போது மூன்றாம் சுற்றின் எதிரே, 12. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெவ்வேறு இனம் என்று சத்தியம் செய்யத் தோன்றும். ஆகவே குட்டி முதல் முதிர்ந்தது வரை வரிசையாக மாதிரிகள் வேண்டும். கையில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு பெயரிடுவதை, விலங்குகளுக்குப் பெயர் வைக்கும் சர்வதேச விதி தடுப்பதில்லை. ஆனால் அப்படி வைத்த பெயர்களில் பல, பின்னால் வருபவருக்குத் தலைவலியாக முடிகின்றன. பொறுமை உள்ளவர்கள் பேரினத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டு அடுத்த மாதிரிக்காகக் காத்திருப்பார்கள். நீங்கள் கேட்ட ஆண்டுகளில் ஒரு பங்கு இதற்குப் போகிறது.

ட்ரங்கேட்டோஃபிளாபெல்லத்தில் குழப்பம் இன்னும் கூடுதல். இந்தப் பவளம் குறுக்கே உடைந்து இனம் பெருக்கும். மேல்பாதி கழன்று மணலில் தனியே வாழும். தரையில் ஒட்டிய அடிப்பாதி மீண்டும் வளரும். பிரிந்த இடத்துத் தழும்பின் அளவே இனத்துக்கு ஓர் அடையாளம். அடிப்பாதி மட்டும் கிடைத்து, அது ஒரு முழுப் பவளம் என்று நினைத்துவிட்டால் கதை கந்தல்.

மாதிரியைக் கெடுக்கும் வழிகளும் நிறைய. தகடுகளை எண்ண வேண்டுமானால் சதையை நீக்கியாக வேண்டும். அதற்குக் கடையில் கிடைக்கும் சலவை பிளீச்சே போதும்: சில மணி நேரமோ ஓர் இரவோ ஊறவிட்டு, நல்ல தண்ணீரைப் பலமுறை மாற்றி அலசி, காய வைப்பது. அலசல் குறைந்தால் காய்ந்தபின் உப்புப் பூத்து, தகட்டு விளிம்பின் நுண்பற்களை மறைக்கும். பிளீச்சில் போடுமுன் ஒரு துண்டுச் சதையை 95 சதவீத எத்தனாலில் எடுத்து வைக்க வேண்டும். இதை மறந்தால் டிஎன்ஏ போயிற்று. ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதையும், அது அமிலமாகப் புளித்திருந்தால் கூடும் கரையும். பவளக் கூடு அரகோனைட் என்ற சுண்ணாம்பு, அமிலம் அதற்கு ஆகாது. ஓக் மர இழுப்பறையில் வைத்தால்கூட மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஆண்டுக்கணக்கில் அரித்து வெள்ளை மாவாக்கிவிடும். படம் எடுப்பதில் ஒரு பழைய கைவேலை இருக்கிறது: வெள்ளைக் கூட்டில் நிழல் விழாது, ஆகவே முதலில் அடர்ந்த சாயம் ஏற்றி, அதன்மேல் அம்மோனியம் குளோரைடுப் புகையை மெல்லிய படலமாகப் படியவிடுவார்கள். அப்போது ஒவ்வொரு விளிம்பும் தனித்துத் தெரியும்.

இனி டிஎன்ஏ. பல விலங்குகளில் இனம் பிரிக்கப் பயன்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணு, பவளங்களின் கூட்டத்தில் மிக மெதுவாக மாறுகிறது. நெருங்கிய இரண்டு இனங்களில் அது ஒரே மாதிரி இருக்கலாம். ‘வேறுபாடு இல்லை’ என்று முடிவு வந்தால் ‘ஒரே இனம்’ என்று அர்த்தமாகாது. உட்கருவின் பல பகுதிகளைச் சேர்த்துப் படித்தால்தான் நம்பலாம். அதற்கு நல்ல சதை வேண்டும், நிறைய மாதிரிகளும் வேண்டும். நூறாண்டுக்கு முன் காயவைத்த ஒப்பீட்டு மாதிரியில் பெரும்பாலும் சதையே இருக்காது.

ஆனால் பேரினம், குடும்பம் என்று மேலே போகும்போது டிஎன்ஏ பல பழைய வீடுகளை இடித்திருக்கிறது. கேரியோஃபில்லிடே என்று ஒரே குடும்பமாக வைத்திருந்தவை ஒரே கிளையில் வந்தவை அல்ல என்று தெரிந்துவிட்டது. எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 2016இல் வந்தது. குளிர்நீரில் பெரும் திட்டுகள் கட்டும் லோஃபெலியா பெர்டூசாவும், ஒற்றைக் கிண்ணமாக வாழும் டெஸ்மோஃபில்லம் டயாந்தஸும் மரபணுவில் அத்தனை நெருக்கம் என்று காட்டி, இரண்டையும் ஒரே பேரினத்தில் சேர்த்தார்கள். லின்னேயஸ் 1758இல் மேட்ரிபோரா பெர்டூசா என்று பெயரிட்டது இப்போது டெஸ்மோஃபில்லம் பெர்டூசம். பேரினப் பெயர் பெண்பாலிலிருந்து அலிப்பாலுக்கு மாறினால் அடைமொழியின் வாலும் மாற வேண்டும் என்பது லத்தீன் இலக்கணம். தனி, கூட்டம் என்ற பிரிவு நம் கண்ணுக்குத்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

காலம் அதிகம் பிடிப்பது பழைய பெயர்களைக் கழிப்பதில். பெயரிட்ட ஒவ்வோர் இனத்துக்கும் அந்தப் பெயருக்கு ஆதாரமாக ஹோலோடைப் என்ற ஒரு மாதிரி உண்டு, அல்லது பழைய இனங்களுக்கு அதற்கு ஈடான மாதிரிகள் உண்டு. புதியது என்று சொல்லுமுன் நெருங்கிய இனங்களுடையவற்றைப் பார்க்க வேண்டும். 1872–76இல் உலகக் கடல்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் கப்பலான சேலஞ்சரின் பவளங்களை இயற்கையியலர் மோஸ்லி 1881இல் வெளியிட்டார். இன்வெஸ்டிகேட்டர் என்ற ஆய்வுக் கப்பல் நம் கடல்களில் எடுத்தவற்றை இயற்கையியலர் ஆல்காக் 1898இல் கல்கத்தாவிலிருந்து வெளியிட்டார். அக்கால விவரிப்புகளில் பல ஒரு பத்தியும் ஒரு வரைபடமுமாக முடிந்துவிடும். பாலியின் எண்ணிக்கையே இல்லாமல்கூட இருக்கலாம். உள்ளூர்ப் பட்டியலோடு நிறுத்தவும் முடியாது. ஆல்காக் பெயரிட்ட கேரியோஃபில்லியா அம்ப்ரோசியா அட்லாண்டிக்கிலும் இருக்கிறது. மாதிரியை நாடுவிட்டு நாடு அனுப்பலாம் என்றால், கல்பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கின்றன. அதற்கும் காகிதம் வேண்டும்.

எல்லாம் ஒத்துவந்தபின் எழுதுவது சிறு வேலை. நெருங்கிய இனங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று சொல்லும் பகுதிதான் உயிர்நாடி. ஹோலோடைப் எது, எந்த நிறுவனத்தில் வைக்கப்படுகிறது என்று 2000 முதல் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். 2012 முதல் மின்னிதழில் வெளியிட அனுமதி உண்டு. ஆனால் விலங்குப் பெயர்களுக்கான ஸூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் பதிந்து, அந்தப் பதிவைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். தவறினால் அந்தப் பெயர் விதிப்படி பெயரே அல்ல.

ஆழம் எழுதுவதிலும் ஒரு நுணுக்கம். வாரிவலை 200 மீட்டரில் இறங்கி 300இல் ஏறியிருந்தால், பவளம் எந்த மீட்டரில் மாட்டியது என்று யாருக்கும் தெரியாது. அதே இனம் 500–700 மீட்டர் இழுவையிலும் வந்தால், உறுதியாகச் சொல்லக்கூடிய வரம்பு 300–500 மட்டுமே. 200–700 என்று எழுதுவது ஆசை. செத்த கிண்ணங்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆழ்கடல் தரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கிடக்கும் கூடுகள் உண்டு, அவை அங்கே இன்று வாழ்வதற்குச் சாட்சி ஆகா.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்: எடுத்து வராதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கல்பவளங்கள் பாதுகாக்கப்பட்டவை. செத்த கூடு என்பதால் விலக்கு இல்லை. இருந்த இடத்திலேயே கிண்ணவாய்க்கு நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று படம் எடுங்கள். மூன்றிலும் அளவுகோல் தெரியட்டும். சதை ஒட்டியிருந்ததா, படகு எத்தனை பாகம் (மீனவர் கடலாழம் சொல்லும் அளவு) ஆழத்தில் வலை இழுத்தது என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. படத்தையும் குறிப்பையும் அங்கே அனுப்பலாம். மேலிருந்து எடுத்த படம் கூர்மையாக இருந்தால், செப்டாவை உங்கள் மாணவியே எண்ணிவிடலாம். உயரமான ஆறு தகடுகளைக் கண்டுபிடித்து, அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவில் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். ஏழு வந்தால் நான்கு சுற்று முழுமை.