நிழலுக்குப் பிடித்த அட்டை

அன்புள்ள அண்ணா,

வணக்கங்க. பல்லடத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சீர் என்று எடுப்பதுதான் பிழைப்பு. வேலை இல்லாத நாட்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆர்ப்பாட்டங்களுக்குப் போய்விடுவேன். வீட்டில் திட்டு விழுகிறது, அது வேறு கதை. விசைத்தறிக் கூலி உயர்வு கேட்டு நடந்த ஆர்ப்பாட்டத்தில் எடுத்த மூன்று படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதல் படத்தில் எல்லோரும் கையை உயர்த்திக் கோஷம் போடுகிறார்கள். இரண்டாவது போலீஸோடு தள்ளுமுள்ளு. மூன்றாவதைச் சும்மா எடுத்தேன், ஒரு அம்மா அட்டையைத் தலைக்கு மேல் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். முதல் இரண்டையும் பேஸ்புக்கில் போட்டேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. வெளிநாட்டுப் போராட்டப் படங்களைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. நம் படங்களில் ஏன் அது வருவதில்லை? நம் ஆட்களோ கேமராவைப் பார்த்ததும் மண்டை ஓடு, பாடை, தூக்குக்கயிறு என்று நடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதில் உண்மையான படம் எப்படி வரும்? கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் தேறுமா?

எஸ்., பல்லடம்

அன்புள்ள எஸ்.,

மூன்றாவதுதான் படம். மற்ற இரண்டும் ஆர்ப்பாட்டம் நடந்தது என்பதற்கான ரசீது.

முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாக் கையும் மேலே, எல்லா வாயும் திறந்திருக்கிறது. உச்சி வெயில் என்பதால் கண் இருக்கும் இடத்தில் கறுப்புக் குழிதான் தெரிகிறது. பேனரை மறைத்துவிட்டால் இது சோமனூரா சேலமா, கேட்பது கூலியா குடிதண்ணீரா என்று சொல்ல முடியாது. படம் சொல்ல வேண்டியதைப் பேனர் சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதில் பாதிக்கு மேல் முதுகுகள். அந்தத் தள்ளுமுள்ளு எப்படி முடிந்திருக்கும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேனில் ஏற்றுவார்கள், ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருப்பார்கள், சாயங்காலம் விட்டுவிடுவார்கள். தள்ளுகிறவருக்கும் தெரியும், தள்ளப்படுகிறவருக்கும் தெரியும். எல்லாக் காலத்திலும் இப்படி இருந்ததில்லை. எழுபதுகளின் மின் கட்டணப் போராட்டத்தில் இதே மண்ணில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் படத்தில் இருப்பது அந்த ஆபத்து அல்ல.

சரி, மூன்றாவதற்கு வருவோம். அந்த அம்மா கோரிக்கை அட்டையை வெயிலுக்கு மறைப்பாகப் பிடித்திருக்கிறார். எழுத்து தலைகீழாக இருக்கிறது. 'கூலி' என்ற சொல் மட்டும் விரலுக்குள் சிக்காமல் தெரிகிறது. காதோர முடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கிறது. காலையில் தறி ஓட்டிவிட்டு நேராக வந்திருப்பார் போல. மடியில் ஒரு பள்ளிக்கூடப் பை, அதன் பக்கவாட்டில் பாதி காலியான தண்ணீர் பாட்டில். பிள்ளையை ஏதோ ஒரு நேரத்துக்குப் போய்க் கூட்டிவர வேண்டும். அவர் கோபமாக இல்லை, மணி பார்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே வந்து உட்கார எதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது மொத்தமும் அந்த ஒரு படத்தில் இருக்கிறது.

கோபம் எல்லாப் போராட்டப் படத்திலும் கிடைக்கும். போராட்டத்துக்குள் ஒருவர் தன்னோடு தூக்கிக்கொண்டு வந்திருக்கும் சாதாரண நாளைத்தான் நான் தேடுவேன். உங்களைச் சிலிர்க்க வைத்த வெளிநாட்டுப் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989 ஜூன் 5, பெய்ஜிங். டாங்கிகளின் வரிசைக்கு எதிரே ஒற்றை ஆள். டாங்கியைப் பார்த்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அவர் கையைப் பாருங்கள், பை இருக்கிறது. கடைக்குப் போய்வருகிறவரைப் போல நிற்கிறார். அந்தப் பை இல்லாமல் கையில் கொடி இருந்திருந்தால் அவரை ஒரு கட்சிக்காரராகத்தான் உலகம் பார்த்திருக்கும். பை இருந்ததால் பார்க்கிறவன் ஒவ்வொருவனும் அங்கே தன்னை நிறுத்திப் பார்த்தான். 1976 ஜூன் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் சாம் நிசிமா எடுத்த படத்திலும், சுடப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனை ஒருவர் ஏந்திக்கொண்டு ஓடுகிறார். பக்கத்தில் ஓடிவரும் சிறுவனின் அக்கா உடம்பில் பள்ளிச் சீருடை. அது வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் என்பதை அந்தச் சீருடைதான் சொல்கிறது.

பெய்ஜிங் சம்பவத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் காட்சியைக் குறைந்தது நான்கு பேர் ஓட்டல் மாடியிலிருந்து எடுத்தார்கள். ஜெஃப் வைடனரின் படம்தான் அதிகம் பரவியது. டெரில் ஜோன்ஸ் என்ற நிருபர் தரையில் நின்று எடுத்த படம் 2009-ல்தான் வெளியே வந்தது. அதில் முன்னால் ஆட்கள் தலை குனிந்து ஓடிவருகிறார்கள், டாங்கிகள் இன்னும் தூரத்தில் வருகின்றன, அந்த மனிதர் ஓரத்தில் ஏற்கெனவே நிற்கிறார். மாடியிலிருந்து எடுத்தவற்றில் துணிச்சல் தெரிகிறது. தரையிலிருந்து எடுத்ததில் அவர் முடிவெடுத்துவிட்டது தெரிகிறது. ஒன்றை வைத்துக்கொள் என்றால் நான் தரையிலிருந்து எடுத்ததைத்தான் எடுத்துக்கொள்வேன். சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பெரிய லென்ஸில் இழுக்கிற உங்கள் பழக்கத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. அப்படி எடுத்தால் முகம் வரும், மடியில் இருக்கும் பை வராது. பக்கத்தில் போய் உட்காருங்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1932 ஜனவரியில் அடிபட்டு இறந்த குமரனை நாம் ஓவியமாகவும் சிலையாகவும் பார்த்து வளர்ந்தோம். விழுந்தும் விடாத கை, அதில் கொடி. அவர் சென்னிமலையில் நெசவாளர் வீட்டில் பிறந்தவர் என்பதைச் சிலை சொல்லாது. சிலைக்கு வீரம் போதும். கேமராவால் மட்டும்தான் நெசவுக்காரர் கையையும் கொடியையும் ஒரே சட்டகத்தில் வைக்க முடியும்.

இனி அந்த 'நடிப்பு'. நம் பத்திரிகைகள் 'நூதன போராட்டம்' என்று செய்தி போடுவதே அதற்குத்தான், செய்கிறவர்களுக்கும் அது தெரியும். கேமராவுக்காகச் செய்தது என்பதாலேயே பொய் என்று நான் நினைக்கவில்லை. 1963 ஜூன் 11 அன்று வியட்நாமின் சைகோனில் திக் குவாங் டுக் என்ற புத்த பிக்கு நடுச்சாலையில் தீக்குளித்தபோது, முந்தின நாளே நிருபர்களுக்குத் தகவல் போயிருந்தது. பெரும்பாலோர் வரவில்லை. ஏபி செய்தி நிறுவனத்தின் நிருபர் மால்கம் பிரௌன் வந்தார், படம் உலகத்துக்குப் போயிற்று. பிக்குகள் ஆங்கிலத்திலும் பேனர் பிடித்திருந்தார்கள். யார் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்காக அதை நாடகம் என்று யாராவது சொல்வார்களா?

ஆனால் கையில் எடுக்கும் பொருள் அவரவர் பிழைப்பிலிருந்து வர வேண்டும். 1972-ல், நான் மேலே சொன்ன மின் கட்டணப் போராட்டத்தில், நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் கோவை நகருக்குள் மாட்டு வண்டிகளை ஓட்டிவந்து தெருக்களை அடைத்தார்கள். அது முந்தின வாரம் தோட்டத்துக்கு எரு சுமந்த வண்டி. வாடகைக்கு வாங்கிய பொருள் அல்ல. 2017-ல் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்தபோது படம் நாடு முழுக்கப் போயிற்று, அதை மறுக்க முடியாது. இன்று கேட்டால் மண்டை ஓடு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, காய்ந்த பயிர் எது என்று பத்துப் பேரில் ஒருவர் சொல்வாரா என்பது சந்தேகம். பாலைச் சாலையில் கொட்டும் படத்தில் இன்னொரு வம்பு. கொட்டுகிறவர் விடிகாலையில் எழுந்து கறந்தது படத்தில் வராது, நகரத்தில் இருப்பவர் 'இப்படி வீணாக்குகிறார்களே' என்று எரிச்சல்படுவார். அதை எடுப்பதென்றால் கேனைப் பிடித்த கையோடு சேர்த்து எடுங்கள்.

உங்கள் ஆர்ப்பாட்டத்தில் கூடுதல் சிக்கல், எதிராளி அங்கே இல்லை. கூலிக்கு நெய்கிறவர்கள் கேட்பது பாவு நூல் கொடுக்கும் ஜவுளி உற்பத்தியாளர்களிடம். நிற்பதோ கலெக்டர் ஆபீஸ் முன்னால். அதனால் எந்தப் படத்திலும் எதிரே போலீஸ்காரர்தான் வருவார், அவரோ டீ எப்போது வரும் என்று நிற்கிறார். பேசி முடித்த கூலி உயர்வைக் கொடுக்காததுதான் சண்டை என்பதை எந்தத் தள்ளுமுள்ளும் காட்டாது. நின்றுபோன தறியில் பாதி நெய்த துணி கிடக்கும், அதை ஒரு படம் எடுத்து அந்த அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

ஒன்று மறக்காதீர்கள். அவர் இன்னொருவர் பட்டறையில் தறி ஓட்டுகிறவராக இருந்தால், முகம் தெரியப் படம் போட்ட மறுநாள் வேலை போகலாம். போய்க் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், எவ்வளவு நல்ல படமானாலும்.

கறுப்பு வெள்ளை வேண்டாம். பழைய படங்கள் அப்படி இருக்கின்றன என்பதால் அது ஆழம் போலத் தெரிகிறது. நம் பக்கத்துக் கூட்டத்தில் தோளில் பச்சைத் துண்டா, சிவப்பா என்பதை வைத்தே எந்தச் சங்கம் என்று சொல்லிவிடலாம், அதை ஏன் அழிக்கிறீர்கள்? உச்சி வெயில்தான் பிரச்சினை என்றால் கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய்விடுங்கள். பத்திரிகைக்காரர்கள் கோஷத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியபிறகும் கொஞ்ச நேரம் இருங்கள். படத்தோடு தேதி, ஊர், மீட்டருக்கு என்ன கூலி கேட்டார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். எனக்கு அனுப்பியதில் அது இல்லை.