டேப்லெட்டில் லேடெக் எழுத ஓவர்லீஃப் போதுமா, இணையம் இல்லாமல் இயங்கும் செயலி வேண்டுமா?

லேடெக் என்பது கட்டளைகளோடு எழுதிய உரையை அச்சுக்கோத்து பிடிஎஃப் ஆக்கும் மென்பொருள்; ஓவர்லீஃப் அதை உலாவியிலேயே பயன்படுத்த வைக்கும் இணையதளம். எழுதப்போவது தமிழா ஆங்கிலமா என்று நீங்கள் சொல்லவில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான், இணையம் பிறகு.

தமிழ் என்றால் லேடெக்கின் வழக்கமான நிரலான பிடிஎஃப்லேடெக்கை மறந்துவிடுங்கள். 'கொ' என்று எழுதும்போது யூனிகோடில் ககரத்துக்குப் பின்னால் ஒரே குறியீடுதான் இருக்கிறது. அதைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து இருபுறமும் நிறுத்த, எழுத்துகளை எப்படி அமைப்பது என்று எழுத்துருவுக்குள் இருக்கும் ஓப்பன்டைப் விதிகளைப் படிக்கத் தெரிந்த நிரல் வேண்டும். ஸீலேடெக் என்ற நிரல் அதைச் செய்யும். லுவாலேடெக் என்ற இன்னொரு நிரல் என்றால், எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பில், எழுத்துகளை அமைக்கும் பொறியாக ஹார்ஃப்பஸ்ஸைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் கொம்பு தவறான பக்கத்தில் போய் நிற்கக்கூடும்.

ஓவர்லீஃபில் இந்த இரண்டும் உண்டு. கம்பைலரை, அதாவது பிடிஎஃப் ஆக்கும் நிரலை, மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருக் கோப்பைத் திட்டத்திலேயே பதிவேற்றினால் போதும். இலவசக் கணக்கில் கம்பைல் நேரத்துக்கு வரம்பு இருப்பதால் படங்கள் நிறைந்த ஆய்வேடு திணறும். இணைப்பு அறுந்தால் தட்டச்சு செய்யவே விடாது என்பதுதான் ரயில் பயணிக்குப் பெரிய எரிச்சல்.

இணையமில்லாமல் என்றால் ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்ற கட்டளை வரிச் செயலி வழியாக, லேடெக் நிரல்களின் தொகுப்பான டெக் லைவை நிறுவலாம். முழுத் தொகுப்பு பல ஜிபி பிடிக்கும். அடிப்படைத் தொகுப்போடு தேவையானவற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டளை வரி பழகியவர்களுக்கே இது சரிப்படும். ஐபேடில் ஒரு செயலி தனக்குள்ளிருந்து வேறொரு நிரலை ஏவ முடியாது. அதனால் டெக்ஸ்பேட் போன்ற செயலிகள் அச்சுக்கோக்கும் பொறியைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. பணம் கட்டுமுன் உங்கள் தமிழ் எழுத்துருவையும் நூற்பட்டியலையும் அதில் ஓட்டிப் பாருங்கள். குறிப்பாக நூற்பட்டியலைத் தயாரிக்கும் பைபர்: அது பெர்ல் மொழியில் எழுதப்பட்ட தனி நிரல், அதனால் செயலிக்குள் இயங்காமல் போகலாம்.

நான் இரண்டையும் கலந்துகொள்கிறேன். லேடெக் கோப்பு வெறும் உரைக்கோப்புதானே, பயணத்தில் ஏதாவது ஓர் உரைத்தொகுப்பியில் அத்தியாயத்தை எழுதி வைத்து, வைஃபை கிடைத்ததும் ஓவர்லீஃபில் ஏற்றிக் கம்பைல் செய்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் பிடிஎஃப்பை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இதனால் விட்டுப்போனது. கோப்பு மாற்றங்களைப் பதிந்து ஒத்திசைக்கும் கருவியான கிட்டுடனான இணைப்பு கட்டணக் கணக்குக்கு மட்டுமே என்பதால் இலவசக் கணக்கில் கையால்தான் ஏற்ற வேண்டும்.

காசு செலவழிப்பதாக இருந்தால் செயலிக்கு முன் ஒரு புளூடூத் விசைப்பலகை வாங்குங்கள். தொடுதிரையில் பின்சாய்கோடும் நெளிவடைப்பும் இரண்டு தட்டு தள்ளி ஒளிந்திருக்கும். தமிழுக்கும் ஆங்கிலக் கட்டளைக்கும் நடுவே விசைப்பலகையை வேறு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.