சால்னா டம்ளரில் தெரிந்த கணக்கு

கேள்வி: எனக்கு வயது 29. ஐ.டி. வேலை, இரவு ஷிஃப்ட். வாரத்தில் ஐந்து நாள் கடைச் சாப்பாடுதான். பரோட்டா சால்னா, சிக்கன் ரைஸ், ஷவர்மா என்று மாறி மாறி ஓடும். சாப்பிட்டதையெல்லாம் செல்போன் செயலியில் பதிகிறேன். ஒரு நாள்கூட 2,000 கலோரியைத் தாண்டியதில்லை. அதற்காகக் காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டேன். ஆனாலும் 14 மாதத்தில் 9 கிலோ ஏறிவிட்டது. தைராய்டாக இருக்குமோ?
- வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: தம்பி, தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். அந்தப் பயம் தீரட்டும். ஆனால் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு எனக்குச் சந்தேகமெல்லாம் சால்னா மேல்தான்.

ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்பது உணவியலில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. உங்கள் 9 கிலோவை 14 மாதத்துக்கு வகுத்துப் பார்த்தேன். தேவைக்குக் கூடுதலாகப் போனது நாளுக்கு 160 கலோரிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது, அவ்வளவுதான். நீங்கள் அளவில்லாமல் சாப்பிட்டீர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. 1 கிராம் எண்ணெயில் 9 கலோரி, ஒரு டீஸ்பூனில் 45. நாலு டீஸ்பூன் கணக்கில் வராமல் உள்ளே போனாலே போதும்.

நான் விருதுநகர்க்காரி. எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டு வளர்ந்தவள். அதைச் சாப்பிடாதே என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு நாள் என் மகன் வாங்கிவந்த பார்சலில் இருந்த சால்னாவைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்தேன். எடுத்துப் பார்த்தால், மேலே அரை விரற்கடைக்குச் செக்கச்செவேலென்று எண்ணெய் தனியாக நிற்கிறது. ஸ்பூனால் வழித்து எண்ணினேன். நாலரை டீஸ்பூன்! பரோட்டா மாவைப் பிசையும்போதும் உருண்டையை ஊறவைக்கும்போதும் கல்லில் போடும்போதும் சேர்ந்த எண்ணெய் இதில் சேரவில்லை. செயலியில் ‘சால்னா, ஒரு கிண்ணம்’ என்று நீங்கள் தட்டும்போது, இந்த டம்ளர் அதற்கு எப்படித் தெரியும்?

சிக்கன் ரைஸ் கதையும் இதுதான். ‘ஒரு பிளேட்’ என்று பதிகிறீர்கள். எங்கள் தெருமுனைக் கடைப் பார்சலைத் தராசில் வைத்தேன், 640 கிராம். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் 1,000 கலோரியைத் தொடும். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு 2,110 கலோரி போதும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். பாதி ஒரே பொட்டலத்தில் முடிந்துவிடுகிறது. பத்துக் கிளைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்ற விதி 2022 ஜூலையிலிருந்து இருக்கிறது. தள்ளுவண்டிக்கும் தெருமுனைக் கடைக்கும் அது இல்லை. அங்கே உங்கள் கண்தான் தராசு.

காலைச் சாப்பாட்டை விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம். காலையில் காய்ந்த வயிறு ராத்திரி பதினோரு மணிக்கு ஆர்டர் போடும்போது ஒரு பரோட்டா கூடுதலாகத்தான் கேட்கும். போதாததற்கு இவையெல்லாம் மெல்லும் வேலையில்லாமல் வேகமாக இறங்குபவை. வயிறு நிறைந்தது தெரிவதற்குள் இலை காலியாகிவிடும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 20 பேரை இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவிலும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலிலும் வைத்துப் பார்த்து, 2019-இல் முடிவை வெளியிட்டது. இரண்டிலும் தட்டில் வைத்த கலோரி ஒன்றுதான், அதில் வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆனால் ஆலை உணவில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஷிஃப்ட் முடிந்து தூங்கப் போகுமுன் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் சாப்பிடுங்கள். சால்னாவை டம்ளரில் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, மேலே நிற்பதை வழித்துவிடுங்கள். ருசி அடியில்தான் இருக்கிறது, குறையாது. சிக்கன் ரைஸைப் பிரித்ததும், சாப்பிடத் தொடங்குவதற்கு முன்பே, பாதியைப் பக்கத்து சீட் நண்பருக்கு எடுத்து வைத்துவிடுங்கள். ஷவர்மாவுக்கு மயோனைஸைத் தனியாகக் கேளுங்கள். அது பெரும்பாலும் எண்ணெய்தான். கூடவே கூல்டிரிங்க்ஸ் வாங்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். 300 மில்லி பாட்டிலில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது.

அப்புறம், தினமும் எடை பார்க்க வேண்டாம். வாரம் ஒரு நாள், தூங்கி எழுந்ததும், வெறும் வயிற்றில் பார்த்து எழுதி வையுங்கள். எட்டு வாரக் கணக்கோடு எனக்கு மறுபடி எழுதுங்கள் தம்பி, சேர்ந்து பார்ப்போம்.