'லாக் இன்': பூட்டா, கட்டையா?

கேள்வி: கணக்குக்குள் போவதை ஏன் 'லாக் இன்' என்கிறார்கள்? பூட்டைத் திறந்து உள்ளே போவது என்று அர்த்தமா?

பூட்டு இல்லை. தமிழில் எழுதினால் இரண்டுமே 'லாக்' ஆகிவிடுவதால் வரும் குழப்பம் இது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாஸ்வேர்டு சாவி, கணக்கு பூட்டு, கச்சிதமாகப் பொருந்துகிறதே! ஆனால் பூட்டுக்கான ஆங்கிலச் சொல் 'சி, கே' என்று முடியும். இது 'ஜி'யில் முடிகிறது. அர்த்தம், மரக்கட்டை.

கட்டை இங்கே எப்படி வந்தது? கப்பலில் ஏறி வந்தது.

நடுக்கடலில் கப்பல் என்ன வேகத்தில் போகிறது என்று பார்க்க, அந்தக் காலத்து மாலுமிகள் கயிற்றில் கட்டிய ஒரு கட்டையைப் பின்பக்கமாகக் கடலில் போடுவார்கள். 1574-லேயே வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் இந்த முறையை எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்துக் கட்டை கால்வட்ட வடிவப் பலகை; நீரில் நிமிர்ந்து நிற்க வளைந்த ஓரத்தில் ஈயம் வைத்திருப்பார்கள். கட்டை அங்கேயே நிற்க, கப்பல் முன்னே போக, உருளையிலிருந்து கயிறு ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒருவர் 28 விநாடி மணற்கடிகாரத்தைப் பிடித்திருப்பார். மணல் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கைவிட்டுப் போனதோ, மணிக்கு அத்தனை கடல் மைல். புயல் அறிவிப்பில் காற்றின் வேகத்தை 'நாட்' கணக்கில் சொல்கிறார்களே, அது இந்த முடிச்சுதான்.

அளந்ததை ஒரு நோட்டில் குறித்தார்கள். கட்டைக் கணக்கு எழுதிய நோட்டு என்பதால் 'லாக் புக்'. அப்புறம் காற்று, திசை, கப்பலில் நடந்தது எல்லாமே அதில் ஏறியது. 'லாக்' என்றாலே 'பதிவு செய்' என்று ஆகிவிட்டது.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒரே பெரிய கணினியைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார்கள். யார் வந்தார், எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று கணக்கு வேண்டுமல்லவா? உட்கார்ந்ததும் 'லாகின்' என்று அடித்து, தன் பெயரைச் சொல்லி, பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது மாதிரி.

எனக்கு இது உறைத்தது பழைய பிரவுசிங் சென்டர் ஒன்றை நினைத்தபோதுதான். வாசலில் ஒரு நீள நோட்டு, நூல் கட்டிய பேனா. பெயர், சிஸ்டம் நம்பர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். அந்த நோட்டில் எழுதியதுதான் உண்மையான லாக் இன். உள்ளே போய்த் திரையில் செய்தது அதே வேலையின் இரண்டாவது ரவுண்டு.

தமிழ் விக்கிப்பீடியாவில் இதைப் 'புகுபதிகை' என்று வைத்தார்கள். 'உள்நுழை' என்பதில் நுழைவு மட்டும்தான் இருக்கிறது; இதில் பதிவும் இருக்கிறது. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஆபீசில் ஒருமுறை "புகுபதிகை பண்ணிட்டீங்களா?" என்று கேட்டதற்கு, எந்த ஃபார்ம் சார் அது என்றார்கள்.