கைபேசி பையில் வேண்டாம், உடம்போடு இருக்கட்டும்

தம்பி, வெளிநாட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, வேலைக்குப் போக வர 11 கிலோமீட்டர் சைக்கிள்தான் என்று எழுதியிருந்தீர்கள். கைபேசி அடிக்கும்போதெல்லாம் கவனம் சிதறுகிறது, அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் உங்கள் பயமும் நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது.

ஐரோப்பாவில் இருபது வருடங்களுக்கு மேலாகச் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். வந்த புதிதில் சட்டைப் பையில் கொஞ்சம் சில்லறை இருந்தால் போதும், தொலைபேசிக் கூண்டு ஒன்று எங்காவது கண்ணில் படும். இன்று அதை நம்ப முடியாது. ஜெர்மனியில் 2022 நவம்பரில் பொதுத் தொலைபேசிகளில் காசு போட்டுப் பேசுவதை நிறுத்தினார்கள். நியூயார்க் நகராட்சியும் தன்னுடைய கடைசிக் கூண்டை அதே வருடம் பெயர்த்து எடுத்துவிட்டது. வழியில் போகிறவர்களிடம் கைபேசி இருக்குமே என்பீர்கள். பகலில் இருக்கும். அதிகாலை ஷிப்ட்டுக்குக் கால்வாய் ஓரமாகப் போகும்போது வழியில் ஆளே இருக்க மாட்டார்கள்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது குளிர்காலம், விடிவதற்கு முன். வளைவில் பனி உறைந்திருந்தது தெரியாமல் திருப்பினேன். சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தோளருகே காறை எலும்பு முறிந்துவிட்டது. கைபேசி இருந்தது, ஆனால் கேரியரில் கட்டிய பைக்குள். எட்டடி தூரம்கூட இருக்காது. அதை ஊர்ந்து கடந்து, ஒற்றைக் கையால் பையின் வாரை அவிழ்ப்பதற்குள் எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து கைபேசியைப் பையில் வைத்ததே இல்லை. ஜிப் வைத்த உள்பாக்கெட்டில், உடம்போடு ஒட்டி இருக்கும். குளிருக்கும் அதுவே நல்லது. லித்தியம் பேட்டரி குளிர்ந்தால் பாதி சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடக்கூடும். ஹேண்டில்பாரில் மாட்டி வைப்பவர்களுக்கு முதல் குளிர்காலத்தில் இது தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அடுத்து வந்தது. அவசர உதவி எண் 112ஐ அழுத்தினேன், உடனே எடுத்தார்கள், "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. தினமும் போகிற பாதைதான், அதன் பெயர் எனக்குத் தெரியாது. வலியில், பாதி கற்ற மொழியில், தண்ணீர், மரம், பாலம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். இப்போது நிலைமை மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய ஸ்மார்ட்போன்களில், அவசர அழைப்பின்போது இருப்பிடத்தைத் தெரிவிக்கும் வசதி 2022 மார்ச்சிலிருந்து கட்டாயம். இருந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் பாதையில் இருக்கும் தெருப்பெயர்களையும் பாலங்களின் பெயர்களையும் ஒரு விடுமுறை நாளில் நின்று நின்று படித்து வாருங்கள். தெருவிளக்குக் கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதையும் சொல்லலாம். "சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன், நான் இருப்பது இந்த இடம்" என்ற இரண்டு வாக்கியங்களை அந்த நாட்டு மொழியில் தடுமாறாமல் சொல்லப் பழகுங்கள். எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112, பிரிட்டனில் 999ஓ 112ஓ, வட அமெரிக்காவில் 911.

அவசர அழைப்புக்குத்தானே, சிம் இல்லாத பழைய கைபேசி போதாதா என்று சிலர் சொல்வார்கள். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சிம் இல்லாமல் அவசர அழைப்புகூடப் போகாது. வேலை செய்கிற சிம் ஒன்று உள்ளே இருக்கட்டும். 112க்குக் கட்டணம் கிடையாது.

இனி, கவனம் சிதறுகிற விஷயம். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே சத்தத்தை அணைத்துவிடுங்கள், அதிர்வையும் சேர்த்து. ஊரிலிருந்து அழைப்பு வரும் நேரமும் நீங்கள் சைக்கிளில் இருக்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். நேர வித்தியாசம் அப்படி. எந்த நேரத்தில் நீங்கள் சாலையில் இருப்பீர்கள், அப்போது ஏன் எடுக்க மாட்டீர்கள் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எடுக்காவிட்டால் அவர் பதறுவார் என்ற எண்ணத்தில்தான் நம் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது. போய்ச் சேர்ந்ததும் நீங்களே கூப்பிடுங்கள். வழி பார்ப்பதாக இருந்தால் ஓரமாக நிறுத்தி, இரண்டு காலும் தரையில் இருக்கும்போது பாருங்கள். நெதர்லாந்தில் 2019 ஜூலை முதல் சைக்கிள் ஓட்டிக்கொண்டே கைபேசியைக் கையில் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஜப்பானில் 2024 நவம்பரிலிருந்து அதற்கு ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. புதிதாக வந்தவருக்குச் சட்டம் தெரியாது என்று எந்தக் காவலரும் விட்டுவிட மாட்டார்.

பஞ்சரைக் கைபேசி ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். மாற்று டியூபும் சிறிய பம்பும் பையில் இருந்து, டியூபை மாற்றவும் தெரிந்திருந்தால், வழியில் யாரையும் அழைக்க வேண்டிய நாட்கள் மிகக் குறைவு.

இன்னொன்று, இதை இன்றிரவே செய்துவிடுங்கள். நீங்கள் நினைவிழந்து கிடந்தால் பூட்டிய கைபேசியால் யாருக்கும் பயனில்லை. திறக்காமலே தெரிகிற அவசரத் தகவல் பகுதி அதில் இருக்கும். அங்கே பெயர், இரத்த வகை, இங்கே உங்களை அறிந்த ஒருவரின் எண் மூன்றையும் பதியுங்கள். ஊர் எண்ணை மட்டும் கொடுத்தால், நாட்டுக் குறியீடு இருந்தாலும், தொலைதூரத்தில் இருக்கும் அம்மாவிடம் தெரியாத மொழியில்தான் யாராவது பேச வேண்டியிருக்கும். அதே விவரங்களை ஒரு காகிதத்திலும் எழுதிப் பணப்பையில் வையுங்கள். மழையில் நனைந்த கைபேசி எதையும் காட்டாமல் போகலாம்.

உங்கள் சைக்கிளுக்குப் பின்விளக்கு இருக்கிறதா என்று எழுதவே இல்லையே. இல்லையென்றால் நாளைக்கே வாங்குங்கள், கைபேசிக்கு முன்னால் வேண்டியது அதுதான்.