வண்டியைத் தூக்கினால் மணலில் போகுமா? பிக்கப் சஸ்பென்ஷன் கேள்வி-பதில்

பாம்பனில் மீன் ஏற்றும் பிக்கப் வைத்திருக்கிறேன், டூ வீல் டிரைவ். கரையில் படகு நிற்கும் இடம்வரை இறக்கினால் வாரம் இரண்டு தடவையாவது மணலில் புதைகிறது. 4 அங்குலம் தூக்கும் கிட் மதுரையில் கிடைக்கிறது என்கிறார்கள். வாங்கிப் போடலாமா?

வேண்டாம். புதைவதற்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவு. உங்கள் வண்டியில் இன்ஜின் பலம் பின் சக்கரங்களுக்கு மட்டும் போகிறது. நடுவில் அதை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தருவது சாதாரண டிஃபரன்ஷியல். பிடிப்பு இல்லாத சக்கரத்துக்கே சுழற்சியை அனுப்பிவிடுவது அதன் குணம். ஒரு சக்கரம் மணலில் சுற்றத் தொடங்கினால் மற்றது சும்மா நிற்கும். நீங்கள் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, சுற்றுகிற சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். பாடியை 4 அங்குலம் உயர்த்தினாலும் இதில் எதுவும் மாறாது.

இன்னொன்றை கிட் விற்பவர் பெரும்பாலும் சொல்லமாட்டார். பின் ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டைதான் மணலில் முதலில் உட்காரும். பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) ஆக்சிலுக்கும் நடுவில் பிளாக் எனும் கட்டையை வைத்தாலும், பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீட்டினாலும், பட்டை சேர்த்தாலும் உயர்வது சேஸிஸும் பாடியும்தான். ஆக்சில் சக்கரத்தோடு இருப்பதால் அந்த உருண்டை இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் கிடைப்பது கொஞ்சம்தான். 215/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 703 மி.மீ., 235/75 ஆர்15 டயரின் விட்டம் 733 மி.மீ. வித்தியாசம் 30 மி.மீ., தரையிலிருந்து உயர்வதோ அதில் பாதி, அதாவது 15 மி.மீ. இதற்கு விலையாக ஸ்பீடோமீட்டர் 4 சதவீதம் குறைத்துக் காட்டும், கிளட்ச் கூடுதலாக உழைக்கும். தவிர, கார் வகை 235 டயரைவிட லோடு வண்டிக்கான 215 டயர் அதிக எடை தாங்கலாம். டயர் பக்கச் சுவரில் உள்ள லோடு இண்டெக்ஸ் எண்ணைப் பார்க்காமல் அளவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

உங்களுக்குப் பலன் தருவது காற்றைக் குறைப்பது. வெறும் வண்டியாக மணலில் இறங்கும்போது நான்கு டயரிலும் 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். டயர் தட்டையாகி, மணலைத் தொடும் பரப்பு நீளும். வேகம் 20 கி.மீ.க்குள் இருக்கட்டும், சட்டென்று ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டாம், ஒடித்தால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். லோடோடு இருந்தால் இந்த அளவுக்கு இறக்கவே கூடாது. பெட்டிகளைத் தார் ரோட்டோரம் வைத்து ஏற்றுவதுதான் நல்லது. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வண்டியில் இருக்கட்டும், தார் ரோட்டில் ஏறும் முன் பழைய அளவுக்கு நிரப்பிவிட வேண்டும். காற்று குறைந்த டயரோடு மண்டபம்வரை ஓட்டினால் சூட்டில் பக்கச் சுவர் கிழியும். புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, பின் சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரிவாகத் தோண்டி, பனைமட்டையை முரட்டுப் பக்கம் மேலாக அடுக்குங்கள். நம் ஊரில் காசில்லாமல் கிடைக்கும் நல்ல சாதனம் அது.

4 அங்குலம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் காற்று. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது பாம்பன் ரோட்டுப் பாலத்தில் கூடு கட்டிய பிக்கப் எப்படி ஆடும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மேலே மீனும் ஐஸும், அடியில் உருகிய தண்ணீர் பக்கத்துக்குப் பக்கம் அலைகிறது. அந்த வண்டியை இன்னும் 100 மி.மீ. உயர்த்துவது அடுத்த திருப்பத்தில் ஆபத்தைக் கூட்டுவதாகும்.

லோடு ஏற்றினால் பின்பக்கம் படுத்துவிடுகிறது. பள்ளத்தில் 'டங்' என்று இடிக்கிறது. ஒருவர் பட்டை சேர்க்கச் சொல்கிறார், ஒருவர் பிளாக் வைக்கச் சொல்கிறார், மூன்றாமவர் ஷாக்கிளை நீட்டச் சொல்கிறார். எது சரி? (கீழக்கரை)

முதலில் அளந்து பாருங்கள். சமதளமான சிமென்ட் தரையில், லோடு இல்லாமல் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டின் கீழ் விளிம்புவரை எடுத்து எழுதுங்கள். பின்னால் இடது, வலது இரண்டுக்கும் 15 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கப் பட்டை தளர்ந்திருக்கிறது, அல்லது ஒரு பட்டை உடைந்திருக்கிறது. பெரும்பாலும் உடைவது, பட்டைகளை நடுவில் ஒன்றாகப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளைப் பக்கத்தில். துருவேறிய பட்டைக் கட்டில் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, கம்பி பிரஷால் தேய்த்த பிறகுதான் தெரியும்.

தளர்ந்த பட்டைக்கு அடியில் பிளாக் வைத்தால் உயரம் வரும், பலம் வராது. லோடு ஏற்றியதும் மறுபடி படுக்கும். பழைய பட்டையைத் தட்டி வளைத்துத் தரும் வேலையும் இருக்கிறது. சூடாக்காமல் தட்டினால் சில மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும். அடுப்பில் பழுக்கவைத்து வளைத்து, முறையாக எண்ணெயில் முக்கிப் பதம் வைக்காவிட்டால் எஃகு மென்மையாகிவிடும். எனவே ஐந்தாறு வருடம் ஓடிய வண்டிக்கு இரண்டு பக்கமும் புதுப் பட்டைக் கட்டு, புது ரப்பர் புஷ், புது சென்டர் போல்ட், கட்டை ஆக்சிலோடு இறுக்கும் புது யூ போல்ட் என்று மாற்றுவதே கணக்குக்குச் சரி. இதிலேயே 25 முதல் 40 மி.மீ. உயரம் திரும்பக் கிடைப்பதுண்டு. தூக்கத் தேவையில்லை என்று அப்போதே தெரியும்.

பட்டை நல்ல நிலையில் இருந்து, எப்போதும் கனமான லோடுதான் என்றால் ஒரு பட்டை சேர்க்கலாம். ஆனால் லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்பக்கம் குதிக்கும், நனைந்த ரோட்டில் பின் சக்கரம் வழுக்கும். பட்டை சேர்த்ததால் ஆர்.சி.யில் எழுதிய எடை கூடிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். அதிக எடைக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்பதே மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கு.

ஷாக்கிள் நீட்டுவதை மூன்றாவதாகவே வையுங்கள். 1 அங்குலம் உயர 2 அங்குலம் நீளமான ஷாக்கிள் வேண்டும். அதோடு ஆக்சிலும் கொஞ்சம் திரும்பி, பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) கோணம் மாறும்.

பிளாக் என்றால் முழு இரும்பு, 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவே கூடாது. மரக்கட்டை வைப்பவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பட்டறையிலிருந்து கிளம்பிவிடுங்கள். முன் ஆக்சில் பட்டை வகையாக இருந்தால் அங்கே பிளாக் கூடவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது முறுக்கு முழுவதும் அங்கேதான் விழுகிறது, பிளாக் நழுவினால் ஸ்டியரிங் கையைவிட்டுப் போகும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று மூன்றைப் பாருங்கள். பழைய யூ போல்டைத் திரும்பப் போட விடாதீர்கள். ஒருமுறை முறுக்கி இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடிப்பைத் தராது. சென்டர் போல்ட் தலை பிளாக்கின் துளையிலும், பிளாக்கின் முளை ஆக்சில் தட்டின் துளையிலும் சரியாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சில் கோணலாக நிற்கும். மூன்றாவது, ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்களை வண்டி ஜாக்கில் தொங்கும்போது முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி எடை விழுந்தபின் முறுக்க வேண்டும். தொங்கலில் முறுக்கினால் புஷ் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். யூ போல்ட் நட்டை 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500 கி.மீ.யில் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். எவ்வளவு டார்க் என்பது மாடலுக்கு மாடல் வேறு, சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

பின்பக்கம் மட்டும் 2 அங்குல பிளாக் போட்டேன். ஸ்டியரிங் அலைபாய்கிறது, 60 கி.மீ. வேகத்துக்கு மேல் வண்டித் தரையில் அதிர்வு, லோடோடு பிரேக் பிடித்தால் வண்டி தள்ளிப்போய் நிற்கிறது. போட்டவர் 'ஓட ஓடச் சரியாகும்' என்கிறார். (தொண்டி)

ஆகாது. மூன்றும் தனித்தனிக் கோளாறு, மூன்றையும் சரிசெய்யலாம்.

பின்பக்கம் 50 மி.மீ. உயர்ந்தால் வண்டி முழுவதும் முன்னால் குனிகிறது. வீல்பேஸ் 3 மீட்டர் என்றால் ஏறத்தாழ 1 டிகிரி. ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் காஸ்டர் கோணம் அந்த அளவு குறைந்ததால்தான் ஸ்டியரிங் தானாக நேராக வருவதில்லை. அலைன்மென்ட்டில் காஸ்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். மாற்ற இடமில்லை என்றால் பிளாக்கை 1 அங்குலமாகக் குறைப்பதே வழி.

அதிர்வு, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டிலிருந்து வருகிறது. கியர்பாக்ஸ் பக்கக் கோணமும் பினியன் பக்கக் கோணமும் சமமாக இருந்தால்தான் ஷாஃப்ட்டின் இரு முனை மூட்டுகளான கிராஸ்களின் ஏற்ற இறக்கமும் ஒன்றையொன்று ரத்து செய்யும். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடு பேரிங்கின் தாங்கியைச் சில மி.மீ. இறக்கிப் பார்க்கலாம். ஒற்றை ஷாஃப்ட் என்றால் பட்டைக்கும் பிளாக்குக்கும் நடுவில் 2 டிகிரி ஆப்பு வைப்பார்கள். எந்தப் பக்கம் தடிப்பு என்பதைக் கோணமானியால் அளந்து முடிவு செய்ய வேண்டும், கண்ணளவில் அல்ல. கவனிக்காமல் ஓட்டினால் கிராஸ் பேரிங் முதலில் போகும்.

இந்த மூன்றில் உயிருக்கு ஆபத்தானது பிரேக். பல பிக்கப்களில் சேஸிஸில் ஒரு வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். லோடு ஏறி சேஸிஸ் தாழும்போது அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், வெறும் வண்டியில் குறைக்கும். நீங்கள் பிளாக் வைத்ததும் ஆக்சில் சேஸிஸைவிட்டுத் தள்ளிப்போய்விட்டது. வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வு நினைத்துக்கொண்டு பின் பிரேக்கை முழுதாகத் தருவதில்லை. கம்பியின் ஆக்சில் பக்கத் தாங்கியை பிளாக்கின் உயரத்துக்குச் சமமாக உயர்த்த வேண்டும். அதுவரை லோடு ஏற்றாதீர்கள். கூடவே பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் இரண்டும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது விறைக்கிறதா என்று பாருங்கள்.

முன்பக்கம் காயில் ஸ்பிரிங். ஸ்பேசர் மட்டும் போட்டால் போதுமா, ஸ்பிரிங்கும் ஷாக்கும் முழு செட்டாக வாங்க வேண்டுமா? (உச்சிப்புளி)

இசுஸு டி-மேக்ஸ் எஸ்-கேப் போல முன்னால் இரட்டை விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு கைகள்), காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிகளுக்கு ஒரு வசதி: டூ வீல் டிரைவ் என்பதால் முன்னால் டிரைவ் ஷாஃப்ட் கிடையாது, ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத் தூக்கும்போது அந்த ஷாஃப்ட்டின் மூட்டான சி.வி. ஜாயின்ட்டில் வரும் தொல்லை உங்களுக்கு இல்லை. கவலை வேறு இடத்தில்.

ஸ்ட்ரட்டுக்கு (காயிலும் ஷாக்கும் சேர்ந்த கட்டு) மேல் வைக்கும் ஸ்பேசரின் தடிமனைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு சக்கரத்தில் உயரும். 25 மி.மீ. ஸ்பேசர் என்றால் 40 முதல் 50 மி.மீ. இது தெரியாமல் '2 அங்குலம் வேண்டும்' என்று 50 மி.மீ. ஸ்பேசர் வாங்கியவர்களுக்கு மேல் கையின் பால் ஜாயின்ட் முட்டிக்கொள்ளும், கை காயிலில் உரசும், ஷாக் முழு நீளத்துக்கு இழுபட்டு 'டக்' என்று சத்தம் போடும். மொத்தம் 40 மி.மீ. உயரம் போதும் என்றால் நல்ல நைலான் அல்லது இரும்பு ஸ்பேசர் போதும். 50 மி.மீ. வேண்டும் என்றால் முழு செட்டாகவே வாங்குங்கள், மேல் கைகளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கலாம். பழைய ஷாக்கில் எண்ணெய் கசிவது தெரிந்தால் அதன்மேல் ஸ்பேசர் போடுவது காசை வீணாக்குவதுதான். எதைப் போட்டாலும் அன்றே அலைன்மென்ட், அன்றே ஹெட்லைட் உயரம். எதிரில் வருபவர் கண்ணைக் கூசவைக்காதீர்கள்.

உப்பு, கருவாடு ஏற்றுகிறோம். இரண்டு வருடத்தில் பட்டையே உதிர்கிறது. என்ன பூசலாம்? (வாலிநோக்கம்)

பூசுவதைவிடக் கழுவுவது முக்கியம். ஆனால் போர் தண்ணீரில் கழுவாதீர்கள். கடலோரத்தில் பல போர்களில் வருவது உப்புத் தண்ணீர்தான், கழுவக் கழுவ உப்பைப் பூசுகிறீர்கள். வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில், அடிப்பகுதியில், பட்டைகளின் நடுவில் பீய்ச்ச வேண்டும். கூட்டின் தரையில் நிற்கும் தண்ணீர் சேஸிஸில் சொட்டாமல், ஓரத்தில் குழாய் வைத்துத் தரைக்கு இறக்குங்கள். பழைய இன்ஜின் ஆயிலைப் பட்டையில் தெளிக்கும் பழக்கம் உண்டு, அது ரப்பர் புஷ்ஷை ஊதவைத்துக் கெடுக்கும், மணலையும் ஒட்டவைக்கும். மெழுகு வகைத் துரு தடுப்பு ஸ்பிரே மேல். யூ போல்ட் மரையில் கிரீஸ் பூசி மேலே ரப்பர் மூடி மாட்டினால், அடுத்த முறை கிரைண்டர் தேவைப்படாது.

லிஃப்ட் போட்டால் எஃப்.சி.யில் (தகுதிச் சான்று) பிரச்சினை வருமா? பட்டறைக்காரர் வேலையைக் கெடுத்துவிட்டால் கேட்க வழி உண்டா? (சாயல்குடி)

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம்வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். 8 வருடம்வரை 2 வருடத்துக்கு ஒருமுறையும், பிறகு வருடாவருடமும் எஃப்.சி. என்பதால் லோடு வண்டி ஆய்வாளர் கண்ணில் படாமல் இருக்காது. தளர்ந்த பட்டைக்குப் பதில் அதே அளவுப் புதுப் பட்டை என்றால் அது மாற்றமல்ல, பழுதுபார்ப்பு. அதற்கு மேல் போவதானால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த நாளில் இழப்பீட்டை மறுக்க அதுவே அவர்களுக்குக் காரணமாகும்.

பட்டறை விஷயத்தில், வேலைக்கு முன்பே பில்லில் பொருளின் பெயர், அளவு, கூலி தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 'சஸ்பென்ஷன் வேலை' என்று ஒரே வரியில் எழுதிய பில்லால் பயனில்லை. லோடு வண்டி தொழிலுக்கானது, நுகர்வோர் வழக்கு செல்லாது என்று எதிர்த்தரப்பு சொல்லும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வைத்திருப்பவரை நுகர்வோராகவே கருதுகிறது. ஒரு வண்டி வைத்து நீங்களே ஓட்டினால் உங்களுக்கு வாதாட இடம் இருக்கிறது. பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்கு அது கஷ்டம். முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள். தீராவிட்டால் 2 வருடத்துக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. கழற்றிய பழைய போல்ட், புஷ், உடைந்த பட்டை எல்லாவற்றையும் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டாம்.